நிற்காத பஸ், நகராத போலீஸ்

இரண்டு மாதமாக இந்த இதழுக்கு வரும் கடிதங்களில் பாதி கவிதை, மீதி பஸ் பற்றிய புகார். கவிதைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பஸ்ஸைப் பற்றி இப்போதே பேசியாக வேண்டும்.

புகார்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். காலனி ஸ்டாப்பிங்கில் கை காட்டினால் வண்டி நிற்பதில்லை. நின்றாலும் அம்பது அடி தள்ளி நிற்கிறது. கைப்பிள்ளைக்காரியும் கிழவியும் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் விசில் ஊதிவிடுகிறார்கள். ராத்திரி கடைசி நடை சொல்லாமல் கொள்ளாமல் 'கட்' ஆகிறது. ஊரில் ஏதாவது தகராறு என்றால் முதலில் நிறுத்தப்படுவது காலனி வழியாக வரும் பஸ்தான்.

கடைசியில் சொன்னதை நானே அனுபவித்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஊர்ப் பையன்களுக்கும் காலனிப் பையன்களுக்கும் ஒரு நாள் கைகலப்பு. மறுநாளிலிருந்து காலனிக்குள் வந்துபோன வண்டி மெயின் ரோட்டோடு திரும்பியது. டெப்போவில் போய்க் கேட்டோம். "நாங்க என்னங்க பண்றது, ஸ்டேஷன்ல பாதுகாப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க. கண்ணாடி உடைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார்கள். ஸ்டேஷனுக்குப் போனோம். "பஸ் விடுறது எங்க வேலையா? டெப்போவுல போய்க் கேளு" என்றார் எஸ்.ஐ. எழுதிக் கொடுத்த மனுவுக்கு ரசீது கேட்டோம். "ரசீது வேற வேணுமா உங்களுக்கு?" என்று ஒரு பார்வை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்த மனு, 'உரிய நடவடிக்கைக்காக' என்று எழுதப்பட்டு, அதே டெப்போவுக்கும் அதே ஸ்டேஷனுக்கும் வந்து சேர்ந்தது.

ஒன்றரை மாதம் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். எந்த வழியாக? கைகலப்பு நடந்த அதே தெரு வழியாக. வேறு வழி கிடையாது. பஸ் கண்ணாடிக்குப் பாதுகாப்பு இல்லாத தெருவில் நம் வீட்டுப் பொம்பளப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு நடந்து போகலாமாம்! 'சட்டம் ஒழுங்கு' என்று இவர்கள் சொல்வதற்கு இதுதான் அர்த்தம். கல்லெறிகிறவனைப் பிடிக்க மாட்டார்கள். அவன் எதன் மீது எறிகிறானோ அதை அப்புறப்படுத்திவிட்டு, அமைதி திரும்பிவிட்டது என்று மேலே எழுதி அனுப்புவார்கள்.

இது ஏதோ ஒரு எஸ்.ஐ.யின் குணக்கேடு என்று நினைக்க வேண்டாம். அரசாங்கமே இதைத்தான் செய்து காட்டியிருக்கிறது. 1997ல் விருதுநகரில் தொடங்கப்பட்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. ஒரு தாழ்த்தப்பட்டவன் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். தென்மாவட்டங்கள் எரிந்தன. மறுத்தவர்களை அரசு என்ன செய்தது? அந்த ஆண்டே எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் அழித்தது. நம் ஒருவன் பெயரைத் தாங்க முடியாதவர்களுக்காக யார் பெயருமே வேண்டாம் என்று முடிந்தது. அதையும் சமத்துவம் என்று சொன்னார்கள்.

அதே 1997, ஜூன் 30. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். தேர்தலில் நின்ற நாளிலிருந்து அந்த மக்களுக்கு மிரட்டல் இருந்தது ஊரறிந்த விஷயம். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே வெளியே விட்டது.

அதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்ல வருகிறவர்களுக்கு 2025 மார்ச் 10ஐ ஞாபகப்படுத்துகிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில் பதினோராம் வகுப்புத் தலித் மாணவன் பரீட்சை எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். பஸ்ஸை மறித்து, அவனைக் கீழே இழுத்துப் போட்டு, கைவிரல்களை வெட்டினார்கள். எழுதப் போன பிள்ளையின் விரல்!

இந்த இரண்டு சம்பவத்துக்கும் நடுவே 28 வருஷம். நம்மைத் தேடி வருகிறவனுக்கு நாம் எந்தப் பஸ்ஸில், எத்தனை மணிக்கு வருவோம் என்பது அன்றும் தெரிந்திருக்கிறது, இன்றும் தெரிந்திருக்கிறது. உளவுப் பிரிவு வைத்துக்கொண்டு, நம் கூட்டங்களில் யார் என்ன பேசினார்கள் என்று வரிக்கு வரி எழுதிப் போகிற போலீசுக்கு மட்டும் தெரியாமல் போகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுச் சாலையும் கிணறும் எல்லாருக்கும் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924ல். பொது வாகனத்தைப் பயன்படுத்தத் தடுப்பது குற்றம் என்று 1955ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 1989ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தமும் அதையே சொல்கிறது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, வன்கொடுமை நடக்கக்கூடும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்கும் அதிகாரத்தைக் கலெக்டருக்கும் போலீசுக்கும் கொடுக்கிறது. தன் கடமையை வேண்டுமென்றே செய்யாத, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 வருஷம் வரை சிறை என்கிறது 4ஆம் பிரிவு. அந்த 4ஆம் பிரிவை எந்த ஸ்டேஷன் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்?

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. களையெடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற நம் பெண்களுக்கு இது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு கூடையோடு நிற்கும் பெண்களைப் பார்த்தால் வண்டி வேகம் எடுக்கிறது என்றும் எழுதுகிறார்கள். 'ஓசி டிக்கெட்' என்று முணுமுணுக்கும் கண்டக்டருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பயணத்துக்கான பணத்தை அரசு கழகத்துக்குக் கொடுக்கிறது. அது வரிப்பணம். தீப்பெட்டி வாங்கினால்கூட வரி கட்டுகிறவள்தான் அந்தக் கூடைக்காரி.

டிரைவர், கண்டக்டரைத் திட்டி எழுதுவது சுலபம். அவர்களிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். ஓட்டை வண்டியைக் கொடுத்து, கலெக்‌ஷன் எங்கே என்று கேட்டு, டபுள் டியூட்டி பார்க்கச் சொல்லும் நிர்வாகத்தின் கீழ்தான் அவர்களும் கிடக்கிறார்கள். நம் கேள்வி, வாய்மொழியாகப் பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறவர்களிடம்.

எனவே நாம் கேட்பது இவ்வளவுதான். எந்த நடையை நிறுத்தினாலும் அதற்கான உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். யார் சொல்லி நிறுத்தப்பட்டது, எந்தத் தேதியில் மறுபடி விடப்படும் என்ற விவரத்தோடு அதை ஸ்டாப்பிங்கில் ஒட்ட வேண்டும். தகராறு நடந்த ஊரில் பஸ்ஸை நிறுத்தக் கூடாது. முதல் நடையிலும் கடைசி நடையிலும் போலீசை அந்தப் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். திருவிழாவுக்கும் மந்திரி வருகைக்கும் ரோடு முழுக்க நிறுத்த ஆள் இருக்கும்போது, பள்ளிக்கூடப் பஸ்ஸில் ஏற ரெண்டு பேர் இல்லையா?

தோழர்களுக்கு ஒரு வேலை. ஒவ்வொரு காலனியிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், தடம் எண், வண்டி எண், நின்றதா இல்லையா, இவ்வளவு போதும். படிக்கிற பிள்ளைகள் எழுதுவார்கள். ஒரு மாதம் எழுதிய பிறகு, 2005ன் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, அதே மாதத்து டிரிப் ஷீட்டை டெப்போவில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வராத பஸ் வந்ததாக அவர்கள் காகிதத்தில் ஓடியிருந்தால் அதையும் நம் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கலெக்டரிடம் கொடுப்போம். 4ஆம் பிரிவைக் கேட்போம்.

நோட்டின் நகலை இதழுக்கு அனுப்புங்கள். ஊர் வாரியாக அச்சிடுகிறோம்.

- ஆசிரியர்