குறைந்த ஓவியங்களில் பிறந்த கலை

ஜப்பானிய அனிமேவைப் பிற நாட்டு அனிமேஷன் படங்களோடு ஒப்பிடும் எழுத்துகளில் பெரும்பாலானவை பாத்திரங்களின் தோற்றத்தைத் தாண்டிச் செல்வதில்லை. முகத்தில் பாதியை நிறைக்கும் கண்கள், நீலமும் இளஞ்சிவப்புமான தலைமுடி, அத்தியாயக் கணக்கில் நீளும் சண்டைகள் என்று அடையாளங்களை அடுக்கி, அவையெல்லாம் ஜப்பானியப் பண்பாட்டிலிருந்து ஊறி வந்தவை என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்தப் பெரிய கண்களையே, மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதையின் நவீன வடிவத்துக்கு அடித்தளமிட்ட ஒசாமு தெசூகா, டிஸ்னி, ஃபிளெய்ஷர் போன்ற அமெரிக்க நிறுவனங்களின் கார்ட்டூன்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். தோற்றம் நாடு விட்டு நாடு எளிதில் பெயர்ந்துவிடும். ஒரு விநாடிக்கு எத்தனை ஓவியங்கள் வரையப்படுகின்றன, அவற்றை யார் எந்த ஏற்பாட்டில் வரைகிறார்கள், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பவை அவ்வளவு எளிதில் பெயர்வதில்லை. வேறுபாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது.

திரைப்படம் விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுவது. ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு புதிய ஓவியம் வரைந்தால் விநாடிக்கு 24 ஓவியங்கள் வேண்டும். ஒரே ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினால் 12 போதும். மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தினால் 8 போதும். டிஸ்னி நிறுவனம் 1937இல் வெளியிட்ட 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' தொடங்கித் தன் முழுநீளப் படங்களில் முதல் இரண்டு முறைகளையே பெரிதும் கையாண்டது. எடை, நெகிழ்வு, தயக்கம், துள்ளல் ஆகியவற்றை உடலசைவின் வழியே காட்டுவதே அதன் இலட்சியம் என்பதால், அங்கே ஒரு மூத்த ஓவியரிடம் ஒரு பாத்திரம் ஒப்படைக்கப்படும் வழக்கம் வளர்ந்தது. நடிகர் ஒரு வேடத்தை ஏற்பதுபோல ஓவியர் அந்தப் பாத்திரத்தை ஏற்று, முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்ட குரலைக் கேட்டு, அதன் ஏற்ற இறக்கத்துக்கேற்ப நடிப்பை வரைந்தார்.

ஜப்பானும் முதலில் இந்த வழியில்தான் செல்ல முயன்றது. 1956இல் தொடங்கப்பட்ட தோயே அனிமேஷன் நிறுவனம் கிழக்கின் டிஸ்னியாக வேண்டும் என்ற வெளிப்படையான கனவோடு, சீனத் தொன்மக் கதையொன்றைத் தழுவி 1958இல் 'ஹகுஜாதென்' என்ற வண்ணப் படத்தை வெளியிட்டது. அப்போது பள்ளி மாணவராக இருந்த ஹயாவோ மியாசாகியை அனிமேஷன் பக்கம் ஈர்த்த படம் அது. ஆனால் ஜப்பானிய அனிமேஷனின் போக்கைத் தீர்மானித்தது திரையரங்கு அன்று, தொலைக்காட்சி. 1963 ஜனவரி 1 அன்று தெசூகாவின் முஷி நிறுவனம் 'தெத்சுவான் அதோமு' என்ற ரோபோச் சிறுவனின் கதையை வாரந்தோறும் அரைமணி நேரத் தொடராக ஒளிபரப்பத் தொடங்கியபோது, டிஸ்னி முறையில் அதை வரைந்து முடிப்பதற்கான ஆட்களோ காலமோ பணமோ அந்த நிறுவனத்திடம் இல்லை. எனவே ஒவ்வோர் ஓவியமும் மூன்று சட்டகங்களுக்கு நின்றது. பேசும்போது வாய் மட்டும் அசைந்தது. அசையாத படத்தின் மீது கேமரா நகர்ந்தது. ஓடுவதும் பறப்பதுமான காட்சிகள் சேமித்துவைக்கப்பட்டு அத்தியாயத்துக்கு அத்தியாயம் திரும்பப் பயன்பட்டன. தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த விலைக்கே தொடரைத் தொலைக்காட்சிக்கு விற்று, பொம்மை, இனிப்பு முதலிய பொருள்களில் பாத்திரத்தின் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமைக் கட்டணத்தாலும் வெளிநாட்டு விற்பனையாலும் இழப்பை ஈடுகட்டலாம் என்பது தெசூகாவின் கணக்கு. அந்த முன்மாதிரி அவருக்குப் பின்வந்த ஜப்பானிய நிறுவனங்கள் அனைத்தின் தலையிலும் சுமையாக இறங்கியது; முஷி நிறுவனமே 1973இல் திவாலானது.

ஓவியங்களைக் குறைக்கும் இந்த முறை ஜப்பானியர் கண்டுபிடித்தது அன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 1941இல் டிஸ்னி நிறுவனத்தில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பின் அங்கிருந்து வெளியேறிய கலைஞர்கள் உருவாக்கிய யுபிஏ நிறுவனம், 1950இல் வெளியான 'ஜெரால்ட் மெக்பாயிங்-பாயிங்' போன்ற குறும்படங்களில், தட்டையான வண்ணமும் குறைந்த அசைவும் கொண்ட ஒரு நவீன ஓவிய மொழியை வறுமையால் அல்லாமல் விருப்பத்தாலேயே தேர்ந்தெடுத்தது. 1957இல் தோன்றிய ஹன்னா-பார்பரா நிறுவனம் அதே முறையைத் தொலைக்காட்சியின் சிக்கனத்துக்கு ஏற்ற கருவியாக மாற்றியது. அதன் யோகி கரடி எப்போதும் கழுத்துப்பட்டை அணிந்திருப்பது, உடலை அசையாமல் வைத்துவிட்டுத் தலையை மட்டும் தனியே வரைவதற்கு அந்தக் கோடு வசதியாக இருந்ததால்தான். ஆகவே அனிமேவை டிஸ்னியின் முழுநீளப் படங்களோடு ஒப்பிட்டு ஒன்றைத் தாழ்த்துவதும் மற்றொன்றை உயர்த்துவதும் அடிப்படையிலேயே பிழையான ஒப்பீடு. ஏறத்தாழ ஒரே நெருக்கடியில், ஒரே காலத்தில், ஒரே ஊடகத்துக்காகப் பிறந்த அமெரிக்கத் தொலைக்காட்சி அனிமேஷனோடுதான் அனிமேவை முதலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது எழும் கேள்வி இது: சிக்கனம் ஒன்றாக இருந்தும் விளைவு ஏன் இவ்வளவு வேறுபட்டது? அமெரிக்கத் தொலைக்காட்சி, அசைவு குறைந்த இடத்தைப் பேச்சாலும் நகைச்சுவையாலும் நிரப்பியது. பார்வையாளர் குழந்தைகள் என்று விளம்பரதாரர்கள் முடிவுசெய்திருந்ததாலும், எந்த வரிசையில் ஒளிபரப்பினாலும் பொருந்தும்படி ஒவ்வோர் அத்தியாயமும் தன்னளவில் முடிய வேண்டியிருந்ததாலும், அங்கே பாத்திரங்கள் வளரவோ இழக்கவோ இறக்கவோ இடமில்லை. ஜப்பானில் அந்த வெற்றிடத்தை நிரப்பியது மங்காவின் இலக்கணம். அசையாத கட்டங்களை அடுத்தடுத்து வைத்துக் காலத்தை நீட்டவும் சுருக்கவும் மங்கா ஏற்கெனவே கற்றிருந்தது. வாரம்தோறும் தொடரும் கதையில் வாசகரைப் பல ஆண்டுகள் கட்டிப்போடவும் கற்றிருந்தது. முஷி நிறுவனத்தில் பயின்ற ஒசாமு டெசாகி, 1970இல் தொடங்கிய குத்துச்சண்டைக் கதையான 'அஷிதா நோ ஜோ' முதலான தொடர்களில், உணர்ச்சி உச்சத்தை எட்டும் கணத்தில் அசைவை அறவே நிறுத்தி, அந்தச் சட்டகத்தை அடர்ந்த கோடுகளும் வண்ணங்களும் கொண்ட தனி ஓவியமாக உறையவைத்தார். ஓவியங்களைச் சேமிப்பதற்காக வந்த நிறுத்தம், அவர் கையில் கதை சொல்லும் அழுத்தமாக மாறியது. கால் நூற்றாண்டுக்குப் பின் ஹிதேயாகி அன்னோ தம் 'நியான் ஜெனசிஸ் எவாஞ்சலியன்' தொடரின் ஓர் அத்தியாயத்தில், ஒருவரையொருவர் சகிக்க முடியாத இரு சிறுமியரை மின்தூக்கியில் நிறுத்தி, ஏறத்தாழ 50 விநாடிகள் எதுவும் அசையாத ஒரே ஓவியத்தைப் பார்வையாளர் முன் வைத்தார். தயாரிப்புக் காலம் நெருக்கிக்கொண்டிருந்த தொடர் அது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆயினும் அந்த அசைவின்மை தரும் மூச்சுமுட்டலை எந்த முழு அசைவும் தந்திருக்க முடியாது.

வேலைப் பிரிவினையும் இதே திசையில் இழுத்தது. ஜப்பானில் ஓர் ஓவியருக்குப் பாத்திரம் ஒதுக்கப்படுவதில்லை. காட்சித் துண்டுகள் ஒதுக்கப்படுகின்றன. அசைவின் முக்கியமான நிலைகளை முதன்மை ஓவியர் வரைய, அவற்றுக்கு இடைப்பட்ட நிலைகளை இளநிலை ஓவியர்கள் நிரப்ப, பல கைகளில் பிறந்த முகங்கள் ஒன்றுபோல இருக்கும்படி ஓர் ஓவிய இயக்குநர் திருத்துகிறார். குரல் பெரும்பாலும் பின்னரே சேர்க்கப்படுகிறது. இத்தகைய ஏற்பாட்டில் ஒரு பாத்திரத்தின் நடிப்பு ஒரே கலைஞரின் ஆளுமையாக மலர்வது கடினம்; மாறாக, ஒவ்வொரு துண்டின் சட்டக அமைப்பையும் நேர அளவையும் வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டின் கையில்தான், அதாவது இயக்குநரின் கையில்தான், படத்தின் உயிர் இருக்கிறது. 1974இல் இசாவோ தகாஹாட்டா இயக்கிய 'ஹைடி' தொடரை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 52 அத்தியாயங்கள் கொண்ட அந்த வாரத் தொடருக்காகக் குழுவினர் சுவிட்சர்லாந்துக்கே சென்று மலைகளையும் வீடுகளையும் பார்த்து வந்தனர். ஒவ்வொரு காட்சியின் இட அமைப்பையும் மியாசாகி வரைந்தார். பாலாடைக்கட்டியை நெருப்பில் வாட்டுவதும் வைக்கோலில் படுக்கை விரிப்பதுமான சிறு செயல்கள் அங்கே கதையாகவே ஆயின. பின்னாளில் இருவரும் சேர்ந்து வளர்த்த ஜிப்லி நிறுவனத்தின் படங்களில் ஓவியங்களுக்குப் பஞ்சமில்லை. எனினும் 'டோட்டோரோ' படத்தில் மழையில் பேருந்துக்காகக் காத்திருக்கும் நீண்ட காட்சியில் தெரிவது, எதையும் அவசரமாக அசைத்துக் காட்டத் தேவையில்லை என்று வாரத் தொடர்க் காலம் அவர்களுக்குக் கற்றுத்தந்த துணிவுதான்.

இதையெல்லாம் ஜப்பானின் தனிச்சொத்தாகக் கருதுவோர், அந்தக் கலைஞர்கள் எங்கிருந்தெல்லாம் கடன் பெற்றனர் என்பதை மறந்துவிடுகின்றனர். ஷாங்காயில் வான் சகோதரர்கள் 1941இல் எடுத்த 'இரும்பு விசிறி இளவரசி' சிறுவன் தெசூகாவை ஆட்கொண்டது. சோவியத் ஒன்றியத்தின் சோயுஸ்முல்ட்ஃபில்ம் நிறுவனத்தில் லெவ் அதமானோவ் 1957இல் இயக்கிய 'பனி அரசி', சோர்ந்திருந்த இளம் மியாசாகியைத் தொழிலில் நிலைக்கவைத்தது. பிரெஞ்சுக் கலைஞர் பால் கிரிமோவின் படம் தகாஹாட்டாவுக்குத் திசைகாட்டியது. சோவியத்திலும் சீனத்திலும் அரசு பணம் தந்தது. அதனால் காலமும் தந்தது. நீர் கலந்த மை ஓவியத்தின் கசிவை அசையவைத்து 1960இல் ஷாங்காய் நிறுவனம் செய்த தலைப்பிரட்டைகளின் குறும்படமும், கண்ணாடி அடுக்குகளின் மீது வெட்டுச் சித்திரங்களை நகர்த்தி யூரி நார்ஸ்டெய்ன் 1975இல் படைத்த 'மூடுபனியில் முள்ளெலி'யும் வாராந்தரக் கெடுவின் கீழ் ஒருபோதும் பிறந்திருக்க முடியாதவை. தனிப் படைப்பாக எடுத்துக்கொண்டால், நார்ஸ்டெய்னின் அந்தப் பத்து நிமிடங்களுக்கு ஈடான நுண்மை அனிமேவில் அரிதாகவே காணப்படும். ஆனால் சோவியத் அரசு சரிந்ததும் அந்த நிறுவனமும் நொடிந்தது. ஜப்பானிய அனிமேவுக்கு அப்படியொரு புரவலர் இருந்ததில்லை. வாரம் தவறாமல் பார்க்கும் மக்கள்தான் இருந்தனர்.

பெரியவர்களுக்கான பொருளை அனிமே துணிந்து எடுத்துக்கொண்டதற்கும் காரணம் இந்தப் பார்வையாளர் கூட்டமே. அமெரிக்காவில் 1954இன் காமிக்ஸ் தணிக்கை விதிகள் படக்கதையைச் சிறுவர் எல்லைக்குள் அடைத்த காலத்தில், ஜப்பானில் சிறுவர், சிறுமியர், இளைஞர், மகளிர் என்று வாசகருக்கேற்ப மங்கா இதழ்கள் கிளைத்துப் பரவின. போரில் பசியால் இறக்கும் இரு குழந்தைகளின் கதையான 'மின்மினிகளின் கல்லறை' 1988இல் 'டோட்டோரோ'வோடு இணைந்து ஒரே நாளில் திரையிடப்பட்டது. 2007இல் பிரான்சிலிருந்து 'பெர்சிபோலிஸ்', 2008இல் இஸ்ரேலிலிருந்து 'வால்ட்ஸ் வித் பஷீர்' என்று உயர்ந்த படங்கள் பிற நாடுகளிலும் வந்துள்ளன. ஆயினும் அவை தனிக் கலைஞர்கள் அரிதின் முயன்று பெற்ற வெற்றிகள், தொடர்ந்து இயங்கும் ஒரு தொழிலின் இயல்பான விளைச்சல் அல்ல. மங்காவைச் சார்ந்திருப்பதற்கு விலையும் உண்டு. ஏற்கெனவே விற்றுப்போன கதைக்குத்தான் முதலீடு கிடைக்கும் என்றாகிவிட்டதால், பள்ளிக்கூடக் கதைகளும், இறந்தவன் மாய உலகில் மறுபிறவி எடுக்கும் கதைகளும் பருவந்தோறும் ஒரே அச்சில் வார்த்தெடுக்கப்படுகின்றன.

இந்தியாவுக்கு இந்த வரலாற்றில் நேரடியான ஓர் இடம் இருக்கிறது. யூகோ சாக்கோ, ராம் மோகன், கொய்ச்சி சசாகி ஆகியோர் இணைந்து இயக்கிய இந்திய-ஜப்பானியப் படமான 'ராமாயணம்: இளவரசர் ராமரின் காதை' 1990களில் தொலைக்காட்சி வழியே இந்திய வீடுகளை அடைந்து, 2025இல் தமிழ் உட்பட இந்திய மொழிக் குரல்களோடு திரையரங்குகளுக்கு வந்தது. அதே ஆண்டில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழ்க் குரலோடு திரையிடப்பட்டது. தமிழ் இளைஞர்களுக்கு அனிமே இப்போது அயல்நாட்டுச் சரக்கு அன்று.

எல்லைகள் பிற இடங்களிலும் கலைந்துவருகின்றன. 2018இல் வெளிவந்த அமெரிக்கப் படமான 'ஸ்பைடர்-மேன்: இன்டூ த ஸ்பைடர்-வெர்ஸ்', கணினியால் விநாடிக்கு 24 நிலைகளையும் எளிதில் உருவாக்க முடிந்தும், ஸ்பைடர்-மேனாக இன்னும் பழகாத சிறுவன் மைல்ஸை வேண்டுமென்றே 12 நிலைகளில் அசைத்து அவனது தடுமாற்றத்தைக் காட்டியது; சிக்கனமாகப் பிறந்த உத்தி, வசதி மிகுந்த இடத்திலும் நடிப்பின் கருவியாயிற்று. லாட்வியாவின் கின்ட்ஸ் சில்பலோதிஸ் 'பிளெண்டர்' என்ற இலவச மென்பொருளில் உருவாக்கிய, வசனமே இல்லாத 'ஃப்ளோ' 2025இல் ஆஸ்கர் பெற்றது. அதே ஆண்டில் சீனாவின் 'நேஜா 2' 200 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, அதுவரை எந்த நாட்டு அனிமேஷன் படமும் எட்டாத இடத்தை எட்டியது. எல்லைகள் இப்படிக் கலைந்தாலும், அனிமேவை விடாமல் தொடர்வது அதன் பாணி அன்று, அதன் கூலிமுறை.

இன்றைய தொடர்களுக்குப் பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் முதலியவை கூடிய தயாரிப்புக் குழு முதலீடு செய்கிறது. உரிமையும் இலாபமும் அக்குழுவுக்கே சேர்வதால், வரையும் நிறுவனம் பெரும்பாலும் ஒப்பந்தத் தொகையோடு நின்றுவிடுகிறது. 2023இல் அனிமேவின் உலகச் சந்தை 3 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் ஜப்பானுக்கு வெளியிலிருந்து வந்தது. இடைப்பட்ட நிலைகளை வரையும் இளநிலை ஓவியருக்கோ ஓர் ஓவியத்துக்குச் சில நூறு யென் என்ற கணக்கில்தான் கூலி. ஓர் ஓவியரின் வறுமையைக் கலையின் தவிர்க்க முடியாத விலை என்று கொள்வது அநீதியானது, உண்மைக்கும் புறம்பானது. ஓவியர்களை மாதச் சம்பள ஊழியர்களாக வைத்து, தன் பயிற்சிப் பள்ளியிலேயே வளர்த்தெடுத்த கியோட்டோ அனிமேஷன் நிறுவனம்தான், 2016இல் நவோகோ யமாடா இயக்கிய 'எ சைலன்ட் வாய்ஸ்' போன்ற, விரல்களின் தயக்கத்தையும் பாதங்களின் தடுமாற்றத்தையும்கூட நடிக்கவைக்கும் படைப்புகளைத் தந்தது. 2019இல் அந்த நிறுவனத்தின் கட்டடத்துக்கு ஒருவன் தீவைத்து 36 பேர் மாண்ட பின்னரும் அது அதே ஏற்பாட்டைக் கைவிடவில்லை. தனித்தொழிலாளர்களைக் காக்க ஜப்பான் இயற்றிய சட்டம் 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பணி நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும், 60 நாள்களுக்குள் கூலி கொடுக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. ஓர் ஓவியத்துக்கான விலை என்ன என்பதை அது தீர்மானிக்கவில்லை. அந்தப் பேச்சுவார்த்தையில் இளநிலை ஓவியர் இன்னமும் தனியாகவே உட்கார வேண்டியிருக்கிறது.