வேதம் உடையாரும் வேதம் அறிந்தாரும்

யூதரையும் கிறித்தவரையும் 'வேதம் அருளப்பெற்றோர்' என்று திருக்குர்ஆன் அழைக்கின்றது. தவ்ராத், ஸபூர், இன்ஜீல் ஆகியவை இறைவனால் அருளப்பெற்றவை என நம்புதல் நம் ஈமானின் கூறுகளுள் ஒன்றாகும். எனவே, கிறித்தவப் பெருமக்கள் தம் வேதத்தை எவ்வளவு அறிந்துள்ளனர் என்னும் வினா நமக்கு முற்றிலும் அயலான வினா அன்று. ஆயினும், அவ்வினாவை எத்தகைய உள்ளத்தோடு நாம் எழுப்புகின்றோம் என்பதே ஈண்டுச் சிந்திக்கற்பாலது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுடன் நீலகிரிக்குக் கல்விச் சுற்றுலா சென்றிருந்தோம். கூடலூரை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில், லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு சிறிய ஆலயம் இருந்தது. ஞாயிறு வழிபாடு முடிந்து வெளியே வந்த மூதாட்டி ஒருவரிடம், நற்செய்தி நூல்கள் நான்கையும் எழுதியோர் யாவர் என்று நம் மாணவர் ஒருவர் வினவினார். அம்மூதாட்டியால் இரண்டு பெயர்களையே சொல்ல இயன்றது. மாணவரின் முகத்தில் வெற்றிப் புன்னகை அரும்பிற்று.

மூதாட்டி அதனைப் பொருட்படுத்தாது பேசலானார். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் அவருடையது. கள்வர் கையில் அகப்பட்டு வழியோரத்தில் குற்றுயிராய்க் கிடந்த ஒருவனை, அவனுடைய சமயத்துக் குருவே கண்டும் காணாமற் செல்ல, வேற்றினத்தான் ஒருவன் எடுத்துக் காத்த உவமைக் கதையை அவர் சொன்னார். மண்டபம் முகாமில் காய்ச்சலுற்றுக் கிடந்த தம் தங்கைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் ஒரு முஸ்லிம் அம்மையார் என்றும், அக்கதையைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகமே தம் கண்முன் நிற்கின்றது என்றும் கூறினார். பின்னர், "நீங்க ஓதுற வேதத்துல கொஞ்சம் சொல்லுங்களேன் தம்பி" என்றார். மாணவர் சிறிய அத்தியாயம் ஒன்றை அழகுற ஓதினார். "இதுக்குப் பொருள் என்ன தம்பி?" என்றார் மூதாட்டி. மாணவர் தலைகுனிந்து நின்றார். அத்தலைகுனிவில் ஆசிரியனாகிய எனக்கும் பங்குண்டு.

அம்மூதாட்டி தம் வேதத்தை அறிந்தவரா, அறியாதவரா? தேர்வுத்தாள் கொண்டு அளப்பின் அவர் தோற்றவரே. அவ்வாறு அளந்த ஆய்வுகளும் உள. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் பல்வேறு சமயங்களைப் பற்றிய 32 வினாக்களை மக்களிடம் கேட்டது. சராசரியாக 16 வினாக்களுக்கே சரியான விடை கிடைத்தது. நான்கு நற்செய்தியாளரின் பெயர்களையும் சொல்ல இயன்றவர்கள் பாதிக்கும் குறைவானோரே. இறைமறுப்பாளரும் ஐயவாதிகளுமோ ஏறத்தாழ 21 வினாக்களுக்குச் சரியான விடை அளித்தனர்! விவிலியம் எளிதிற் கிடைக்கும் நாட்டின் நிலை இது. பெயர்களை அறிதல் வேறு, மறை வாழ்வில் இறங்குதல் வேறு என்பது இதனாற் புலனாகும். இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. எனினும், முன்னதை மட்டும் அளவுகோலாகக் கொண்டு பிறரை எள்ளுதல் அறிவுடைமை ஆகாது.

வேத அறிவு ஒரு மக்களிடம் எவ்வாறு வேரூன்றுகின்றது என்பதற்கு நீலகிரியின் வரலாறே சான்று பகரும். முன்னர்க் கிறித்தவராயிருந்து பின்னர்த் தம் சமயத்தை மறந்துபோன மக்கள் இம்மலையில் வாழ்வதாக ஒரு செய்தி மலையாளக் கரையில் உலவிற்று. அதன் உண்மையறிய 1603ஆம் ஆண்டில் ஃபெனீசியோ என்னும் இயேசு சபைப் பாதிரியார் மலையேறி வந்தார். அவர் கண்டது தோடரையும் படுகரையுமே. கிறித்தவர் எவரையும் அவர் காணவில்லை. வேதத்தை மறந்தாரைத் தேடி வந்த அப்பயணமே தோடரைப் பற்றிய மிகப் பழைய ஐரோப்பியக் குறிப்பை நமக்குத் தந்தது.

1846இல் பாசல் மிஷன் கேத்தியில் தன் பணியைத் தொடங்கிற்று. அதன் ஊழியருள் ஒருவரான மெட்ஸ் என்னும் ஜெர்மானியர் படுகரின் ஊர்தோறும் நடந்து அவர்தம் மொழியைக் கற்றார். தொடக்கத்தில் அம்மக்களுக்குக் கன்னட நூல்களே தரப்பட்டன. வீட்டில் பேசும் மொழி ஒன்று, வேதத்தின் மொழி மற்றொன்று என்னும் நிலையில் மறை நெஞ்சிற் பதியாது என்பதை உணர்ந்தமையால், லூக்கா நற்செய்தி படுக மொழியில் ஆக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாற்கு நற்செய்தி தோடர் மொழியிலும் வந்தது. சில நூற்றுவரே பேசிய மொழிக்கும் மறையைக் கொண்டு சேர்க்க முனைந்த அவ்வுழைப்பு, சமய வேறுபாடு கடந்து தமிழ் மாணவர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

தமிழிலும் அவ்வாறே. 1715இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். 1871இல் பவர் என்பாரின் முயற்சியால் வந்த மொழிபெயர்ப்பு சீர்திருத்தச் சபையாரிடையே இன்றும் ஆட்சி செலுத்துகின்றது. தேவன், பிதா, கிருபை, சுவிசேஷம் என்பன அதன் சொற்கள். 1995இல் பொது மொழிபெயர்ப்பாக வந்த திருவிவிலியம் கடவுள், தந்தை, அருள், நற்செய்தி என்று தூய தமிழில் பேசுகின்றது. கத்தோலிக்கரோ 1960களில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை இலத்தீன் மொழியிலேயே திருப்பலியைக் கேட்டு வந்தனர். இதன் விளைவாக, மலைத் தோட்டங்களில் முதியோர் பழைய நடையில் பல பகுதிகளை மனப்பாடமாகச் சொல்வர். ஆயின் சில சொற்களுக்குப் பொருள் கேட்டால் தயங்குவர். ஆங்கிலப் பள்ளிகளில் பயிலும் பெயரப்பிள்ளைகள் புதிய நடையைக் கண்டவுடன் பொருள் கொள்வர். ஆயின் பத்து வரிகளும் அவர்தம் நெஞ்சில் தங்குவதில்லை. காதில் நின்றது கருத்தில் நில்லாமையும், கருத்தில் பட்டது நெஞ்சில் தங்காமையும் ஆகிய இக்குறைகள் கிறித்தவர்க்கு மட்டுமே உரியனவா?

நம் நிலையை நோக்குவோம். நம் பிள்ளைகள் இளமையிலேயே திருக்குர்ஆனை ஓதி முடிக்கின்றனர். ஓதுதலே நன்மை பயக்கும் வணக்கம். அதனைக் குறைத்துரைப்பது எம் நோக்கமன்று. ஆயினும் ஓதுவதோடு அமையாது அதனைச் சிந்திக்குமாறும் திருமறை மீண்டும் மீண்டும் பணிக்கின்றது. நம் முன்னோர் அரபுத் தமிழில் மார்க்க நூல்கள் யாத்தது மக்கள் பொருளுணர வேண்டும் என்பதற்காகவே. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் நெடுங்காலம் உழைத்து 1949இல் திருக்குர்ஆன் முழுமைக்கும் தமிழாக்கம் தந்தார்கள். அதன் பின்னர் வேறு பல தமிழாக்கங்களும் வந்துள்ளன. அவை உறை பிரியாமல் அலமாரியில் துயில்வது யார் குற்றம்?

இங்கு ஒரு வரலாற்று நிகழ்ச்சி நினைவுகூரத்தக்கது. மக்கத்துக் கொடுமை தாங்காது அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்த முஸ்லிம்களைத் திருப்பி ஒப்படைக்குமாறு குறைஷியர் தூது விடுத்தனர். கிறித்தவ மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தின் பகுதியை ஓதினார்கள். மன்னர் கண்ணீர் சிந்தினார். தம்மை நாடி வந்தோரை ஒப்படைக்க மறுத்தார். மன்னர் தம் வேதத்தை அறிந்திருந்தார். ஆதலின் பிறர் ஓதியதில் உறவைக் கண்டார். ஜஅஃபர் (ரலி) அவர்களும் தாம் ஓதுவதன் பொருளை அறிந்திருந்தார்கள். ஆதலின் அவைக்கு ஏற்ற பகுதியைத் தேர்ந்தார்கள். அவ்விருவருள் ஒருவர் தம் மறையை அறியாதிருப்பினும் அந்த ஏதிலியரின் கதி யாதாகியிருக்கும்?

நீலகிரியில் 2011ஆம் ஆண்டின் கணக்குப்படி கிறித்தவரும் முஸ்லிம்களும் ஏறத்தாழச் சம அளவினர். நூற்றுக்குப் பதினொருவர் என்னும் அளவில் ஒவ்வொரு சமூகமும் வாழ்கின்றது. ஒரே தோட்டத்தில் கொழுந்து பறித்து, ஒரே சந்தையில் பொருள் வாங்கும் இவர்கள் ஒருவரையொருவர் அறிய வேண்டுமாயின், முதற்கண் தத்தம் மறையை அறிதல் வேண்டும். தன் வேதம் அறியாதவனே பிறர் வேதத்தைப் பழிக்க விரைகின்றான்.

எனவே ஒரு வேண்டுகோள். நம் தமிழ்த் துறையில் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். முஸ்லிம், கிறித்தவ, இந்து மாணவர் யாவரும் தத்தம் மறையின் தமிழாக்கத்திலிருந்து ஒரு பகுதியைப் படித்துத் தம் சொந்தத் தமிழில் பொருள் சொல்லட்டும். வாதம் வேண்டா, விளக்கம் போதும். சமுதாயப் பெரியவர்கள் ஓதற்போட்டிகளுக்குப் பரிசளிப்பது போன்றே பொருள் கூறுதற்கும் பரிசளிக்க முன்வரல் வேண்டும்.

அன்றிரவு அம்மாணவர் என்னிடமிருந்த தமிழாக்கத்தை வாங்கித் தாம் ஓதிய அத்தியாயத்தைத் தேடினார். அது அல்மாஊன். தொழுதுகொண்டே அநாதையை விரட்டுவோரையும், அண்டை வீட்டார்க்குச் சிறு உதவியும் செய்ய மறுப்போரையும் கண்டிக்கும் அத்தியாயம் அது. "ஐயா, அந்தப் பாட்டி சொன்ன கதையும் இதைத்தானே சொல்கிறது?" என்றார் அவர். ஆம். காலையில் சென்று அம்மூதாட்டியிடம் அதனைச் சொல்ல விழைந்தார். எங்கள் பேருந்தோ விடியுமுன் புறப்பட வேண்டியிருந்தது. அவருக்குச் சொல்லாமல் விட்ட அவ்விடை இன்றும் எம்மீது கடனாகவே நிற்கின்றது.