கைச்சுற்று 14

திண்டிவனம் நேரு வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் தையல் கடை. முன்பக்கம் என் வீட்டுக்காரர் பேன்ட், சட்டை தைக்கிறார். பின்பக்கம் நான் ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். இடையில் ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான். அங்கே பேசுவது இங்கே அப்படியே கேட்கும். தங்கள் உடம்பைப் பற்றி ஆண்கள் என்ன பேசுகிறார்கள், பெண்கள் என்ன பேசுகிறார்கள் என்று பல வருடங்களாக ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முன்பக்கம் வருகிறவருக்கு இடுப்பு 38 என்று சொன்னால் சிரிப்பார். "வூட்டுச் சாப்பாடு மாஸ்டர்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார். பாதிப் பேருக்கு அளவு ஏறுவதே இல்லை. தொப்பைக்குக் கீழே இறக்கி பேன்ட் போடுகிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் 34தான். "காலேஜ்ல போட்ட அதே சைஸ்" என்று பெருமை வேறு. என் வீட்டுக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு தலையாட்டுவார். கூலி கொடுக்கிறவரிடம் எதற்கு வாதம்?

பின்பக்கம் கதையே வேறு. நான் டேப்பைக் கையில் எடுக்கும் முன்பே சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். "உடம்பு போட்டுடுச்சுக்கா." "ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் இப்பிடி ஆயிட்டேன்." "தைராய்டு மாத்திரை போடறேன், அதான்." நான் எதுவும் கேட்டிருக்க மாட்டேன். சிலர் மூன்று வருடத்துக்கு முந்தைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து, "இதே அளவுக்குத் தைங்க, பொங்கலுக்குள்ள எளைச்சிடுவேன்" என்பார்கள். நான் உள்ளே துணியைத் தாராளமாக விட்டுத் தைத்துக் கொடுப்பேன். போகிக்கு முந்தின நாள் அது பிரித்து விடுவதற்காகத் திரும்பி வரும். அந்தப் பெண்ணின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும், ஏதோ திருடி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

நிச்சயம் முடிந்த பெண் ஒருத்தி, முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் தைக்க அம்மாவோடு வந்தாள். பெண் பார்க்கும் நாளுக்கே "கொஞ்சம் ஒல்லியா காட்டற மாதிரி" என்று கேட்டுத்தான் துணி கொண்டுவந்திருந்தார்கள். அடர்ந்த நிறம், முழங்கை வரை கை, பிரின்சஸ் கட் என்று எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து கொடுத்திருந்தேன். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அத்தை, கல்யாணத்துக்குள் பத்து கிலோ குறைத்துவிட வேண்டும் என்று சபையில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். பிறகு காலைச் சாப்பாட்டையும் விட்டாள். முகூர்த்த ஜாக்கெட்டை நான் பிடித்துப் பிடித்துக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் கோட்டும் பேன்டும் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் தைக்கப்பட்டன. அவருக்கு இடுப்பு 38. அவரிடம் எந்த அத்தையும் கிலோக் கணக்கு பேசவில்லை.

என் எடையையும் சொல்லிவிடுகிறேன், 88 கிலோ. எனக்குப் பிறந்த வீடு விழுப்புரம். விசேஷத்துக்கு பஸ் பிடித்தால் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி தாண்டிப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். மூன்று பேர் சீட்டில் இரண்டு பேர் இருந்தால், நான் ஏறுவதைப் பார்த்ததும் காலியிடத்தில் ஒரு பை வந்து உட்காரும். அங்கே பாகர்ஷா வீதியில் துணி எடுக்கப் போனால், சித்தி எதிர்க்கடையிலிருந்து கூப்பிட்டு, "இன்னாடி, ஊதிக்கினே போற?" என்று கேட்பாள். நலம் விசாரிப்பதே அப்படித்தான்.

என் தங்கை ஒல்லி. அவளையும் விடுவதில்லை. ஆனால் அவளிடம் கேட்கும் கேள்வி, "அங்க உனக்குச் சோறு போடறாங்களா இல்லியா?" என்பது. கவனித்துப் பாருங்கள். பெண் இளைத்தால் குற்றம் மாமியார் வீட்டின் மேல் விழுகிறது, பெருத்தால் அவள் மேலேயே விழுகிறது. நிறையத் தின்கிறாள், வேலை செய்வதில்லை, மனக்கட்டுப்பாடு இல்லை என்று சாட்சி விசாரிக்காமலே தீர்ப்பு வந்துவிடும்.

என் நோட்டில் 44, 46 மார்பளவு எழுதியிருக்கும் பெண்களில் சோம்பேறியை நான் அதிகம் பார்த்ததில்லை. காலை நாலரைக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்று, ராத்திரி கடைசி ஆளாய் உட்கார்ந்து மிச்சச் சோற்றைக் கொட்டிச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். வெறும் வயிற்றோடு மதியம் வரை ஓடிவிட்டு, நாலு மணிக்கு டீயும் பிஸ்கட்டுமாகப் பசியை அடக்குகிறவர்கள். தூக்கம் ஐந்து மணி நேரம் இருந்தால் பெரிது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வதைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம். 2019-21இல் அது 40.4 சதவீதம். ஆண்களும் 28.2இலிருந்து 37 சதவீதத்துக்கு வந்துவிட்டார்கள். நாடு முழுவதற்குமான சராசரி பெண்களில் 24, ஆண்களில் 22.9தான். ஒரு மாநிலமே ஐந்து வருடத்தில் திடீரென்று சோம்பேறியாகிவிட்டதா என்ன? நாம் தின்பதும், உழைக்கிற விதமும், வாழ்கிற தெருவும் மாறிவிட்டன. ஐந்து ரூபாய்க்குப் பொட்டலத் தீனி பெட்டிக்கடைதோறும் தொங்குகிறது. ரேஷன் அரிசி வீட்டில் இருக்கும், காய்கறி வாங்க யோசிக்க வேண்டியிருக்கும். அம்மியும் ஆட்டுக்கல்லும் போனதுதான் காரணம் என்று சில ஆண்கள் வருத்தப்படுகிறார்கள். 2011இல் அரசு மிக்சி, கிரைண்டர் கொடுக்க ஆரம்பித்தபோது எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் வருத்தப்படவில்லை. ஆட்டுக்கல்லுக்காக ஏங்குகிறவர்கள் மாவு ஆட்டியவர்களாக இருக்க மாட்டார்கள்.

எடை கூடினால் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. எனக்கே முட்டி வலிக்கிறது, பெடல் மிஷினை மாற்றி மோட்டார் போட்டதே அதனால்தான். ஆனால் ஒருவரை ஏற இறங்கப் பார்த்தே நோய் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அது தவறு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையும் போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு, அதாவது பிஎம்ஐ, ஒன்றேதான்: 22.3. பார்வைக்கு இருவருமே அளவான உடம்பு. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பில் 21.2 சதவீதம். நம் ஆட்களுக்குக் கொழுப்பு வெளியே தெரியாமல் வயிற்றுக்குள் சேரும். அதனால்தான் இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் தாண்டினால் கவனிக்கச் சொல்கிறார்கள். 90 சென்டிமீட்டர் என்றால் தையல் கணக்கில் முப்பத்தைந்தரை அங்குலம். தொப்பைக்குக் கீழே பேன்டைக் கட்டிக்கொண்டு 34 என்று பெருமைப்படுகிறாரே, அவருக்குத் தொப்புளுக்கு நேராக டேப்பைச் சுற்றிப் பார்த்தால் 41 வரும். அவரைப் பார்த்து ஊரில் ஒருவரும் "உடம்பைக் குறை" என்பதில்லை. கை காலெல்லாம் ஒல்லி அல்லவா!

யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்ததில் சினிமாவுக்குப் பெரும் பங்கு உண்டு. பிந்து கோஷ் நடனக் கலைஞராகத் திரைக்கு வந்தவர். அவருடைய ஆட்டத்தை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? எண்பதுகளில் அவர் பருத்த உடம்போடு உள்ளே நுழைந்தாலே தியேட்டர் சிரித்தது. வசனம்கூடத் தேவைப்படவில்லை. 2025 மார்ச்சில் அவர் நோயிலும் வறுமையிலும் இறந்துபோனார். அதே வருடம், ‘96’ படத்தில் நடித்த கௌரி கிஷனைப் பற்றி, அவர் எடை எவ்வளவு என்ற மாதிரி ஒரு கேள்வி அவருடைய வேறொரு படத்தின் விழாவில் அதன் கதாநாயகனிடம் கேட்கப்பட்டது. அடுத்து நவம்பரில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், அது உருவக்கேலி என்று அந்தப் பெண் சொன்னார். எதிரே ஆண்கள் குரலை உயர்த்தினார்கள். அந்த இடத்தில் அவருக்காக ஒருவரும் பேசவில்லை. நடிகர் சங்கத்தின் கண்டனமெல்லாம் பிறகுதான் வந்தது. அந்தக் காணொளியைக் கடையில் என் செல்போனில் பார்த்த காலேஜ் பெண்கள் கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். நடிகைக்கே இந்தக் கதி என்றால் பஸ்ஸில் போகிறவளுக்கு என்ன என்றும் தோன்றியது.

சரி, குறைக்கலாம் என்று ஒருத்தி கிளம்பினாலாவது விடுகிறார்களா? காலையில் சர்வீஸ் ரோட்டில் நடக்கப் போனால் டீக்கடையிலிருந்து ஒரு குரல் வரும்: "நடந்தா மட்டும் எளைச்சிடுமா?" ஓட்டலில் பரோட்டா கேட்டால் பக்கத்து மேசை பார்க்கும், இட்லி கேட்டாலும் பார்க்கும். பஸ் ஸ்டாண்டு கம்பத்தில் பத்து நாளில் பத்து கிலோ என்று போன் நம்பரோடு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அந்தப் பவுடருக்குச் சீட்டுப் பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே உண்டு. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மவுன்ஜாரோ ஊசி பவுடர் மாதிரி இல்லை, அது நிஜமாகவே எடையைக் குறைக்கிற மருந்து. வாரம் ஒரு ஊசி, ஆரம்ப அளவே 3,500 ரூபாய் என்றுதான் வந்தது. மாதம் 14,000. சாதா ஜாக்கெட்டுக்கு 150 ரூபாய் கூலி வாங்குகிறவள் எத்தனை ஜாக்கெட் தைக்க வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஊரே அக்கறையோடு அறிவுரை சொல்கிறது. அந்த அக்கறை உபயோகப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் அதைக் காணோம். மருத்துவமனையைச் சொல்கிறேன்.

முட்டிவலி என்று போனாலும், இருமல் என்று போனாலும், "முதல்ல வெயிட்டக் குறைங்க" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டே பலர் போவதை நிறுத்திவிடுகிறார்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் மாதவிடாய் ரத்தப்போக்கு நிற்காமல் மாதக்கணக்கில் வீட்டிலேயே கிடந்தார். ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்றால், "எடை மெஷின்ல ஏறச் சொல்லி எல்லாரும் கேக்கற மாதிரி சத்தமாப் படிப்பாங்கக்கா" என்றார்.

எனக்கு நடந்தது இது. ஒரு மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கையில் சுற்றும் பட்டை ஒட்டவில்லை, பிரிந்து பிரிந்து போனது. "உங்க கைக்கு எட்டலியேம்மா" என்று அளவு பார்த்த பெண் சிரித்துக்கொண்டே இறுக்கிப் பிடித்து அழுத்தினார். கணக்கு அதிகமாக வந்தது. மாத்திரை எழுதப் போனார்கள். நர்சிங் படிக்கும் என் மகள் கூட இருந்ததால், பெரிய பட்டை இருக்கிறதா என்று கேட்டாள். தேடி எடுத்து வந்து மறுபடி பார்த்தார்கள். அளவு குறைந்து, மாத்திரை தேவையில்லை என்றாயிற்று.

கைக்குப் பொருந்தாத சின்னப் பட்டையைச் சுற்றினால் ரத்த அழுத்தம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இதை அளந்து காட்டினார்கள். தானியங்கிக் கருவியில் சாதாரண அளவுப் பட்டையைச் சுற்றியபோது, பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 4.8 புள்ளி கூடுதலாகக் காட்டியது. மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு 19.5 புள்ளி கூடுதல். 120 இருக்கிறவருக்கு 140 காட்டிவிடும் என்று அர்த்தம். அதாவது நோய் இல்லாதவர் நோயாளி ஆகிவிடுவார்.

சாதாரணப் பட்டை சுமார் 34 சென்டிமீட்டர் கைச்சுற்று வரைதான் சரியாக இருக்கும். அது பதிமூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. என் அளவு நோட்டைப் புரட்டினால் கைச்சுற்று 14, 15 என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. எனக்கே 14தான். பத்தில் நாலு பெண்கள் எடை கூடிய மாநிலத்தில் பெரிய பட்டை என்பது அலமாரிக்குள் தேட வேண்டிய பொருளாக இருக்கக் கூடாது, முதல் மேசையிலேயே இருக்க வேண்டும்.

2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல திட்டம். வீடு வீடாகப் போகும் அந்தப் பெண்களின் பையில் பெரிய பட்டை ஒன்றும், ஓர் இஞ்ச் டேப்பும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். எடை பார்க்கிற மெஷினைத் திரைக்குப் பின்னால் வைக்கட்டும், எண்ணை வாய்விட்டுப் படிக்காமல் சீட்டில் எழுதட்டும். இதற்கெல்லாம் பெரிய பட்ஜெட் ஒன்றும் வேண்டாம்.

அதுவரைக்கும் இதைப் படிக்கிற அக்கா தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையைச் சுற்றி டேப் வைத்துப் பாருங்கள். பதிமூன்றரை அங்குலத்தை எட்டினாலே, அடுத்த முறை பிரஷர் பார்க்கும்போது பெரிய பட்டை கேளுங்கள். இல்லை என்று சொன்னால், வருகிற எண்ணை நம்பி மாத்திரையைத் தொடங்கும் முன் பட்டை இருக்கும் இன்னொரு இடத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.