ஐந்நூறு அப்பாவுக்கு மட்டும்

வரதராஜன்பேட்டையில் என் சின்ன வயதில், கரண்ட் போனாலும் நிற்காத விளையாட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. பெட்டிப் பலகையில் அப்பா அடித்த ஆணிகள், ஒரு ஸ்பிரிங், சைக்கிள் கடை பால்ரஸ் குண்டு ஐந்து. இழுத்து விட்டால் குண்டு ஆணிக்கு ஆணி முட்டிக்கொண்டு ஐம்பதிலோ நூறிலோ விழும். ஐந்நூறு அப்பாவுக்கு மட்டும்தான் விழும். பலகையை முழங்காலால் லேசாக எக்குவார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

இதே பலகைக்குக் கண்ணாடி போட்டு, காசு போடத் துளை வைத்து அமெரிக்காக்காரன் 'பின்பால்' ஆக்கினான். குண்டைத் திருப்பியடிக்கும் ஃப்ளிப்பர் 1947-ல் 'ஹம்ப்டி டம்ப்டி' மெஷினில்தான் வந்தது. அதுவரை விழுந்தால் விழுந்ததுதான். சூதாட்டம் என்று நியூயார்க்கில் 1942-ல் தடை போட்டார்கள். மேயர் லா கார்டியா சம்மட்டியால் மெஷினை உடைத்து போட்டோவுக்கு நின்றார். தடை நீங்கியது 1976-ல்! முழங்கால் ஆசாமிகள் அங்கேயும் உண்டு போல. ரொம்ப ஆட்டினால் 'டில்ட்' என்று ஆட்டத்தையே நிறுத்திவிடும். எங்கள் வீட்டில் டில்ட், அம்மா.

பி.காம். படிக்கையில் டேலி கற்கப் போன இடத்தில் விண்டோஸ் எக்ஸ்பி-யில் 'ஸ்பேஸ் கேடட்' பின்பால் இருந்தது. டெபிட், கிரெடிட் மறந்தது. வீட்டுப் பலகை வெந்நீர் அடுப்புக்குப் போனது. போட்டவன் நான்தான்.

அடுத்து வந்த விஸ்டாவில் அந்த ஆட்டமே இல்லை. 64 பிட்டுக்கு மாற்றியபோது குண்டு எதிலும் முட்டாமல் ஊடுருவி விழுந்ததாம். சரிசெய்ய முடியாமல் தூக்கிவிட்டோம் என்று மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2012-ல் எழுதினார்.

அதே 2012-ல் 'தி பின்பால் ஆர்கேட்' வந்தது. பழைய நிஜ மெஷினைக் கழற்றி, படமெடுத்து, அப்படியே திரையில் கட்டினார்கள். வில்லியம்ஸ், பாலி கம்பெனி மெஷின்களுக்கான உரிமம் 2018 ஜூனோடு முடிந்தது. முன்பே வாங்கியவர்கள் ஆடலாம். புதிதாக யாரும் வாங்க முடியாது. (இந்தச் சொத்துக்குத் தேய்மானம் எப்படிப் போடுவது? எங்கள் புரொபசர் சொல்லித்தரவில்லை.)

போன மாசம் அப்பா திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் கை நடுங்குகிறது. செல்போனில் ஒரு பின்பாலைப் போட்டுக் கொடுத்தேன். போனை மடியில் வைத்து முழங்காலை எக்கினார். குண்டு நடுவழியே நேராகக் குழிக்குள் போனது.

"இதுல ஒண்ணும் நம்ம பேச்சைக் கேக்கலியேடா. நம்ம பலகை எங்க?"

சொல்லிவிட்டேன். "அடுப்புல போட்டுட்டேம்ப்பா... காலேஜ் படிக்கறப்ப."

ரொம்ப நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிய திட்டெல்லாம் அந்த மௌனத்துக்கு முன்னால் தேவலை.

அம்மா உள்ளேயிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். அடியில் கறுத்துப்போய் நாலு குண்டு. சாம்பல் அள்ளும்போது பொறுக்கி வைத்தாளாம். இத்தனை வருஷமாக!

அப்பா ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"முக்கா இஞ்ச் ஆணி கால் கிலோ வாங்கிட்டு வா. எடம் நான் காட்டறேன், நீ அடி."

"ஐந்நூறு எந்தப் பக்கம்ப்பா?"

"அத நான் பாத்துக்கறேன்" என்றார்.