அடுத்த அறைக்குப் பாட்டுப் போக யார் அனுமதி தர வேண்டும்?

வீட்டுக்குள் கம்பியில்லாமல் இசையைக் கொண்டுபோகும் கருவிகளைப் பற்றிய மதிப்புரைகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். கீழ்ஸ்தாயி எப்படி, சத்தம் கூட்டினால் கரகரக்கிறதா, சமையலறை அலமாரிக்குப் பொருத்தமாக இருக்கிறதா என்றெல்லாம் பக்கம் பக்கமாக விசாரிக்கும் விமர்சகர்கள், இந்தப் பெட்டி யார் பேச்சைக் கேட்கும் என்று மட்டும் விசாரிப்பதில்லை. கூடத்துக் கணினியின் வன்தட்டில் நம்முடைய பாடல் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம், படுக்கையறையில், நாம் காசு கொடுத்து வாங்கிய ஒலிபெருக்கி இருக்கிறது. நடுவே இருப்பது ஒரு சுவர்தான். அந்தச் சுவரைத் தாண்ட, கடல் கடந்து எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சம்மதம் எதற்கு?

இலக்கியம் பேசும் இடத்தில் மின்சாமான் விவகாரம் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். 2009 ஜூலையில் அமேசான், உரிமைச் சிக்கல் ஒன்றைக் காரணம் காட்டி, வாசகர்கள் விலை கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்து தானே அழித்ததை அவர்களுக்கு நினைவூட்டுவோம். (நாவலின் தேர்வில் இருந்த நகைச்சுவை நிறுவனத்துக்குப் புரிந்ததா என்பது வேறு விஷயம்.) புத்தகத்துக்கு நேர்ந்தபோது நாம் எல்லோரும் கொதித்தோம். பாட்டுப் பெட்டிக்கு நேரும்போது, பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்கிறோம்.

தொடக்கத்தில் இப்படி இல்லை. கலிஃபோர்னியாவில் 2000ஆம் ஆண்டு ஷான் ஆடம்ஸ் தொடங்கிய ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறிய நிறுவனம், 2001இல் ஸ்லிம்பி3 என்ற பெட்டியை வெளியிட்டது. அதற்கு இன்னும் வலைக்கம்பி தேவைப்பட்டது. 2003இல் வந்த ஸ்க்வீஸ்பாக்ஸ்தான் கம்பியை அறுத்தது. அந்தப் பெட்டியில் வன்தட்டு கிடையாது, பாடல்களின் பட்டியல் கிடையாது, சொந்தப் புத்தி என்று சொல்லத்தக்கதும் அதிகம் கிடையாது. வீட்டுக் கணினியில் ஓடும் வழங்கி மென்பொருள்தான் நூலகம், தேடல், வரிசை எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டது. முகப்பில் பளிச்சென்று ஒளிரும் எழுத்துகளைக்கூட அதுதான் அனுப்பியது. பெட்டி செய்ததெல்லாம் வந்த தரவை ஒலியாக்குவதும், தொலையியக்கியில் அழுத்திய பொத்தானைப் பற்றி வழங்கிக்குச் சொல்வதும்தான். பெர்ல் மொழியில் எழுதப்பட்ட அந்த மென்பொருளின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டிருந்தது. உலகெங்கும் இருந்த இசைப் பித்தர்கள் அதில் கைவைத்தார்கள், துணைநிரல்கள் எழுதினார்கள், பிழைகளைத் திருத்தினார்கள். பெட்டியை எளிமையாக வைத்து, புத்தியை வீட்டுக்காரரிடமே விட்ட அந்த வடிவமைப்பில் ஒரு மரியாதை இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

இந்த வேலைக்கு வெளியுலகத்தின் உதவி எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்த்துவிடலாம். குறுந்தகட்டின் ஒலி என்பது விநாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட்கள், இரண்டு தடங்கள். பெருக்கினால் விநாடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட். 2003இல் வீடுகளில் இருந்த கம்பியில்லா வலையின் ஏட்டளவு வேகமே 11 மெகாபிட். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலும் போதும். 2001இல் வெளியான ஃப்ளாக் வடிவம், ஒலியில் ஒரு துளியும் குறையாமல் கோப்பை ஏறத்தாழ பாதியாகச் சுருக்கிவிடுகிறது. ஆகவே பாதையில் நெரிசல் இல்லை.

கடினமான வேலை வேறொன்று. ஒரே பாடலை இரண்டு அறைகளில் ஒரே கணத்தில் ஒலிக்கச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் அதனதன் குவார்ட்ஸ் கடிகாரம் உண்டு. இரண்டு கடிகாரங்கள் முற்றிலும் ஒத்துப்போவதில்லை. பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம் என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் நிமிடத்துக்கு 3 மில்லிவிநாடி, ஒரு மணி நேரக் கச்சேரியின் முடிவில் 180 மில்லிவிநாடி. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. எனவே பக்கத்து அறையின் ஒலிபெருக்கி 60 மீட்டருக்கு அப்பால், தெருக்கோடியில் இருப்பதுபோல ஆகிவிடும். பாடகரை அவருடைய எதிரொலி துரத்திக்கொண்டு வரும். இதைத் தடுக்க, பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று மென்பொருள் அவ்வப்போது விசாரித்து, முந்தியதைக் கணநேரம் நிறுத்தியும் பிந்தியதைச் சற்றே தாண்டவைத்தும் சரிசெய்கிறது. நல்ல பொறியியல்தான். ஆனால் இவ்வளவும் நான்கு சுவர்களுக்குள் நடக்கிறது. இதில் எந்த இடத்திலும் நிறுவனத்தின் தலைமையகம் குறுக்கிட வேண்டிய அவசியம் இல்லை.

அவசியம் எப்போது உண்டாக்கப்பட்டது? 2004 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் என்ற சிறிய வெள்ளைப் பெட்டியை 129 டாலருக்கு வெளியிட்டது. சுவரில் செருகி, ஒலிபெருக்கியின் கம்பியை அதில் மாட்டினால் போதும். அழகான யோசனை. ஆனால் அந்தப் பெட்டி ஐடியூன்ஸ் அனுப்பும் இசையை மட்டுமே ஏற்கும்படி மறைகுறியீட்டால் பூட்டப்பட்டிருந்தது. இரண்டு மாதத்துக்குள் நார்வேக்காரரான யோன் லெக் யோஹான்சன் அந்தப் பூட்டின் பொதுச் சாவியை வெளியிட்டார். பெட்டியாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் மென்பொருளை எழுதத் தேவையான இன்னொரு சாவி வெளிவர 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டின் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டவர்கள், அதற்கு வைத்த பெயர் எளிமை. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2018 ஏப்ரலில் அந்தப் பெட்டிகளின் விற்பனையைக் கைவிட்ட ஆப்பிள், அதே ஆண்டு ஆகஸ்டில் 2012ஆம் ஆண்டு மாதிரிக்குப் புதிய ஏர்ப்ளே 2 வசதியை வழங்கியது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. மனம் வைக்காவிட்டால் நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

சோனோஸ் நிறுவனத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் இந்தத் துறையில் மிகச் சிறந்ததை அவர்கள்தான் செய்தார்கள். 2005 தொடக்கத்தில் இரண்டு ஒலிப்பெட்டிகளும் ஒரு கையடக்க இயக்கியும் சேர்ந்த தொகுப்பை 1,199 டாலருக்கு விற்றார்கள். பெட்டிகள் தமக்குள் வலை பின்னிக்கொண்டன. கணினி தெரியாதவர்களும் வண்ணத்திரையையும் உருளியையும் வைத்துக்கொண்டு வீடு முழுவதும் பாட்டுப் போட முடிந்தது. அவர்கள் பெற்ற புகழ் தகுதியானதே.

2018இல் அந்தக் கையடக்க இயக்கிக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. அடுத்து, பழைய பெட்டிகளைக் கைவிடுபவர்களுக்குப் புதியதில் 30 சதவீதத் தள்ளுபடி அறிவித்தார்கள். தள்ளுபடி பெற வேண்டுமானால் பழைய பெட்டியை 'மறுசுழற்சி நிலை'க்கு மாற்ற வேண்டும். மாற்றினால் 21 நாள் கழித்து அது நிரந்தரமாகச் செத்துவிடும். யார் நினைத்தாலும் உயிர்ப்பிக்க இயலாது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பெட்டியை, அடுத்தவருக்குக் கொடுக்கக்கூட வழியில்லாமல் கொல்வதற்கு மறுசுழற்சி என்று பெயர்! 2020 ஜனவரியில், பழைய மாதிரிகளுக்கு வரும் மே மாதத்துக்குப் பிறகு புதிய மென்பொருள் கிடையாது என்றார்கள். வீட்டின் எல்லாப் பெட்டிகளும் ஒரே பதிப்பில் ஓட வேண்டும் என்பது அவர்களுடைய ஏற்பாடு. ஆகவே ஓர் அறையில் ஒரு பழைய பெட்டி இருந்தால் சென்ற மாதம் வாங்கிய புதுப் பெட்டியும் சேர்ந்து தேங்கி நிற்கும். எதிர்ப்பு வெடித்தது. தலைமை அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் சில நாட்களில் மன்னிப்புக் கேட்டார், கொலைத் திட்டம் கைவிடப்பட்டது. கடைசியில் கண்ட தீர்வு, பழையவற்றுக்கு ஒரு செயலி, புதியவற்றுக்கு ஒரு செயலி என்று பிரித்துவைப்பது. ஒரு வீட்டின் அறைகளுக்குள்ளேயே பாகப்பிரிவினை. இந்த அறையில் கேட்பதை அந்த அறையோடு சேர்த்துக் கேட்க முடியாது.

அதோடு முடியவில்லை. 2024 மே 7ஆம் தேதி வெளியான புதிய செயலியில் விழிப்பு மணியை அமைக்க வழியில்லை, பாடல் வரிசையை மாற்ற வழியில்லை, சொந்த நூலகத்தில் தேடவும் முடியவில்லை. திரைவாசிப்பானை நம்பியிருந்த பார்வையற்றோர், முந்தைய நாள்வரை தாமாகவே இயக்கிய கருவியின்முன் செயலற்று நின்றார்கள். பழைய செயலியையாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டபோது, திருப்பித் தந்தால் நிலைமை மேலும் மோசமாகும் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2025 ஜனவரியில் ஸ்பென்ஸ் பதவி விலகினார். ஒரு தனி மனிதரின் பிழையாக இதைச் சுருக்கிவிடுவதில் நமக்கு உடன்பாடில்லை. வாங்கியவரின் சம்மதமின்றி வாங்கிய பொருளின் இயல்பை மாற்றும் அதிகாரம் தலைமையகத்தில் இருக்கும்வரை, அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இது நேரலாம்.

கூகுளின் கதை இன்னும் அபத்தம். 2015இல் 35 டாலருக்கு வந்த குரோம்காஸ்ட் ஆடியோ, எந்தப் பழைய ஒலிபெருக்கியையும் கம்பியில்லாக் கருவியாக்கியது. 2019 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. 2025 மார்ச்சில் ஒரு நாள், அவை பல வீடுகளில் ஒன்றாக மௌனமாயின. எதுவும் பழுதாகவில்லை. உள்ளே இருந்த பத்தாண்டுச் சான்றிதழ் ஒன்றின் தேதி முடிந்துவிட்டது. அதனால் கைபேசிச் செயலி பெட்டியை நம்ப மறுத்தது. சில நாட்களில் சரிசெய்தார்கள். சரிசெய்ய ஆள் இருந்ததால் பிழைத்தன.

இப்போது ஸ்க்வீஸ்பாக்ஸுக்கு வருவோம். 2006இல் ஸ்லிம் டிவைசஸை லாஜிடெக் 2 கோடி டாலருக்கு வாங்கியது. 2012இல் அந்த வரிசையையே கைவிட்டது. 2024இல் மைஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற இணையச் சேவையையும் மூடியது. அந்தச் சேவையை மட்டும் நம்பி வானொலி கேட்டவர்கள், வழங்கியை வீட்டில் நிறுவிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவ்வளவுதான். மூலநிரல் ஊர்ச்சொத்தாக இருந்ததால் அதே மென்பொருள் லிரியன் என்ற புதுப் பெயரில் தொடர்கிறது. ராஸ்பெர்ரி பை போன்ற மலிவான சிறு கணினியே அதற்குப் போதும். இருபதாண்டுக்கு முந்தைய பெட்டிகள் இன்றும் பாடுகின்றன. இது லாஜிடெக்கின் பெருந்தன்மை அல்ல. யாருடைய பெருந்தன்மையும் தேவைப்படாதபடி முதலிலேயே எழுதிவைத்த உரிமத்தின் பலன்.

பழைய சில்லுகளால் புதிய வசதிகளைத் தாங்க முடியாது என்பார்கள். புதிய வசதியை யார் கேட்டது? 2006இல் செய்ததை 2026இலும் செய்தால் போதும் என்கிறோம். காப்புக் குறைபாடுள்ள பழைய கருவி இணையத்தில் இருப்பது ஆபத்து என்பார்கள். உண்மைதான், அதனால்தான் அது வீட்டு வலைக்குள் மட்டும் இயங்க வழி வேண்டும் என்கிறோம். இசைத்தட்டுக்கே திரும்பிவிடுங்கள், ஊசியை எவனும் தொலைவிலிருந்து தூக்க முடியாது என்று உபதேசிக்கும் நண்பர்களிடமும் நமக்கு வழக்கு உண்டு. கம்பியில்லா இசை ஓர் அருமையான வசதி. அது மோசமாக விற்கப்படுகிறது என்பதற்காக அதையே துறப்பது, விற்பவனிடம் தோற்பதுதான்.

சொந்த நூலகம் என்பதே காலாவதியான பழக்கம், சந்தா கட்டினால் உலக இசையெல்லாம் கிடைக்கிறதே என்பதுதான் இப்போது அதிகம் கேட்கும் வாதம். கர்நாடக இசை கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சபாக்களிலும் வானொலியிலிருந்தும் ரசிகர்கள் ஒலிநாடாவில் பிடித்து, பின்னர் கணினிக்கு மாற்றி, கைக்குக் கை கொடுத்துப் பாதுகாத்த கச்சேரிகள் எத்தனையோ எந்தச் சந்தாச் சேவையிலும் இல்லை. இருப்பவற்றிலும் பாடகர் பெயர் இருக்கும். ராகம், தாளம், வயலின் யார், மிருதங்கம் யார் என்று தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே. இடைவெளியின்றி ஓட்டத் தெரியாத கருவியில், ஆலாபனை முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் ஒரு வெற்று மௌனம் விழுந்து கச்சேரியை வெட்டும். நம் கோப்புகளுக்கு நாமே பெயரிட்டு, நாமே அடுக்கி, நம் வழங்கியிலிருந்து அனுப்பும்போது இந்தத் தொல்லைகள் இல்லை. செயலியிலிருந்து சொந்த நூலகத்தின் தேடலை எடுத்துவிட்டு அதைச் சிறு குறை என்று சொல்பவர்களுக்கு, ஒருவருடைய நாற்பதாண்டுச் சேகரிப்பு அதற்குள் இருக்கலாம் என்பது தோன்றுவதில்லை.

நாம் கேட்பவை அதிகமில்லை. கிரயம் என்று சொல்லி விற்கும் பொருளைக் குத்தகைப் பொருள்போல நடத்தக்கூடாது. இணையம் இல்லாதபோதும் வீட்டு வலைக்குள் இசையை அனுப்பவும் ஒலியைக் கூட்டிக் குறைக்கவும் முடிய வேண்டும். ஆதரவை நிறுத்தும் நாளில், பெட்டியோடு பேசும் முறையை நிறுவனம் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். சட்டம் வரும்வரை, வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கம்பியில்லா வலை ஓடட்டும். வெளியிலிருந்து வரும் இணையக் கம்பியை மட்டும் பிடுங்கச் சொல்லுங்கள். பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டு, மடிக்கணினியில் கொண்டுபோன சொந்தப் பாடல் ஒன்றை அதில் ஒலிக்கச் செய்யச் சொல்லுங்கள். கடைக்காரர் தயங்கினால் பணப்பையை வெளியே எடுக்க வேண்டாம்.