கண்ணை ஏன் மூடறீங்க?

ஆறு மாதமாகத் தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பீரோ கண்ணாடி முன்னால் நின்று ஒரு காசைக் காணாமல் போக்கிக்கொண்டிருந்தேன். வலது கையிலிருந்து இடது கைக்குப் போடுவதுபோல் ஒரு பாவனை, அவ்வளவுதான். காசு வலது உள்ளங்கையிலேயே, கட்டைவிரல் மேட்டுக்கும் சுண்டுவிரல் மேட்டுக்கும் நடுவில் கவ்விக்கொண்டு நிற்கும். கட்டைவிரல் விறைத்துக்கொள்ளக் கூடாது. கை தூங்குகிற மாதிரி தொங்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் அபாரமாக இருந்தது. காசு போன இடம் எனக்கே தெரியவில்லை.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள்: "அதென்ன, காசை மாத்தற நேரத்துல மட்டும் கண்ணை மூடிக்கறீங்க?"

போனில் படம் பிடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. திருட்டு நடக்கிற அந்த நொடியில் என் இமை தானாக இறங்கி ஏறுகிறது. வித்தை பழகுகிற பலருக்கும் வருகிற கோளாறுதான். இருந்தாலும், ஆறு மாதத்தில் நான் ஏமாற்றிய ஒரே ஆள் நான்தான் என்பது கொஞ்சம் வலித்தது.

காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போதைய ஒரு ரூபாய் சட்டைப் பித்தான் மாதிரி. உள்ளங்கையில் நிற்காமல் நழுவும். 1982 வரை வந்த பெரிய ஒரு ரூபாய்தான் இதற்கு லாயக்கு. 28 மில்லிமீட்டர் அகலம், நல்ல கனம். மாமனார் பெட்டியில் நாலு கிடைத்தன. செலவழிக்க உதவாத காசைக் காணாமல் போக்குவதில் வீட்டில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

நம் ஊரில் இதற்குச் செப்படி வித்தை என்று பெயர். செப்பு என்றால் சிமிழ், சின்னக் கிண்ணம். கிண்ணத்தைக் கவிழ்த்து, உருண்டையை மறைத்து, வேறு கிண்ணத்தில் எடுக்கிற வித்தை. ரோமாபுரியில் செனெகா ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முன்பே ஒரு கடிதத்தில் இதைப் பேசியிருக்கிறார்: எப்படிச் செய்கிறான் என்று தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்பது அவர் கட்சி. பெரிய ஞானிதான், ஆனால் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பழகியவர் இல்லை என்று தோன்றுகிறது.

அந்தக் கிண்ண வித்தையை நான் கிட்ட உட்கார்ந்து பார்த்தது டெல்லி கட்புத்லி காலனியில். கரோல் பாகில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் ஷாதிபூர். இறங்கி நடக்கிற தூரம். கட்புத்லி என்றால் மரப்பாவை. பாவையாட்டிகள், கழைக்கூத்தாடிகள், வித்தைக்காரர்கள் என்று சில ஆயிரம் குடும்பங்கள் சந்துகளில் நெருக்கியடித்து இருந்த இடம். எனக்கு வாய்த்தவர் எழுபதைத் தொட்ட ஒரு பெரியவர். கயிற்றுக் கட்டிலில் துணியை விரித்து மூன்று மரக் கிண்ணங்களைக் கவிழ்த்தார். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு குமிழ். அதை இரண்டு விரல் இடுக்கில் பிடித்துத் தூக்க வேண்டும். அந்த இரண்டு விரல் தூக்கும்போது மற்ற மூன்று விரல் என்ன செய்கிறது என்பதில்தான் சமாசாரமே இருக்கிறது.

எனக்கு அது தெரியும். தெரிந்தும் பிடிக்க முடியவில்லை. அவர் கண் கிண்ணத்தின் பக்கமே போகவில்லை. என் முகத்தில் இருந்தது. மதராஸில் மழை எப்படி, குழந்தைகள் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே மூன்றாவது கிண்ணத்தைத் தூக்கினார். உருண்டை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எலுமிச்சம்பழம். உஸ்தாத், எப்படி என்றேன். "ஹாத் கீ சஃபாய், பாபுஜி" என்றார். கையின் சுத்தம். நாம் கண்கட்டு என்று பார்ப்பவன் கண்மேல் பழியைப் போடுகிறோம். இந்திக்காரர்கள் கைக்குப் பெருமை சேர்க்கிறார்கள்.

"இப்போ நீங்க காட்டுங்க" என்றார். பெரிய ரூபாயை எடுத்தேன். கண்ணை மூடாதே, மூடாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு செய்தேன். காசு இடது கைக்குப் 'போன' அந்த இடத்தில், பார்க்கிறவன் எதையும் பார்த்திருக்கவே கூடாத இடத்தில், "வாஹ்" என்றார். நான் இடது கையை மெல்லத் திறந்து வெறுமையைக் காட்டியபோது அவர் பார்க்கக்கூட இல்லை, பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அது பாராட்டா, மாட்டிக்கொண்டேனா? அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அவர் இதையே தெருவில் செய்து காசு வாங்கினால் அன்றைக்குச் சட்டப்படி பிச்சை. 1959ஆம் வருஷத்து பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டம் டெல்லியிலும் நடப்பில் இருந்தது. பாட்டு, ஆட்டம், குறி, வித்தை என்ற சாக்கில் கை நீட்டுவதும் அதில் பிச்சைதான். டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. ஆனால் 2017 அக்டோபரிலேயே காலனியை இடித்துவிட்டார்கள். பல குடும்பங்கள் ஆனந்த் பர்பத் தற்காலிக முகாமுக்குப் போயின. அதே வித்தையை நான் பிறந்தநாள் விழாவில் செய்தால் ஹாபி.

அந்தக் காலனியைச் சேர்ந்த இஷாமுதீன் கான் 1995இல் குதுப் மினார் பக்கம் திறந்த வெளியில் கயிற்றை நிமிர வைத்து ஒரு பையனை ஏற்றிக் காட்டினார். கயிறு வித்தைக்கு உலகத்தில் இருக்கிற பெயர் பெரிது. அந்தப் பெயரைப் பரப்பியது 1890இல் சிகாகோ ட்ரிப்யூனில் வந்த ஒரு பொய்ச் செய்தி. நாலு மாதத்தில் பத்திரிகையே பொய் என்று ஒப்புக்கொண்டது, யாரும் காதில் வாங்கவில்லை. எழுதிய ஜான் வில்கி பிற்பாடு அமெரிக்க ரகசியச் சேவைக்குத் தலைவரானார், பொருத்தமான உத்தியோகம். ரிச்சர்ட் வைஸ்மன், பீட்டர் லமாண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த வித்தையைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர்களின் பழைய சாட்சியங்களைத் திரட்டி 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பார்த்ததற்கும் சொன்னதற்கும் நடுவே வருஷம் கூடக் கூட வித்தையும் பிரமாதமாகிக்கொண்டே போயிருக்கிறது. கயிறு நின்றது, பையன் ஏறினான் என்று தொடங்குவது, உச்சியில் மறைந்தான், துண்டு துண்டாக விழுந்தான், சிரித்துக்கொண்டு எழுந்தான் என்று வளர்ந்துவிடும்.

போன மாதம் கீழ்வீட்டுப் பையனுக்கு ஆறாவது பிறந்தநாள். பெரிய ரூபாயை இடது கையில் மறைய வைத்து, அவன் காதுக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். வித்தைகளிலேயே பழசு, சுலபம். கட்டைவிரல்கூடக் கொஞ்சம் விறைத்துக்கொண்டது. பத்து நாள் கழித்து அவன் அம்மா மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள்: "அங்கிள், இவன் பாக்கறவங்க கிட்டெல்லாம் சொல்றான். நீங்க காசை மேல தூக்கிப் போட்டீங்களாம். அது சுத்தற ஃபேனுக்குள்ள போய் மறைஞ்சு, அப்புறம் இவன் சட்டைப் பையில விழுந்துச்சாம். அதெப்படி?"

பையன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே கூடத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நானும் ஒருதரம் அண்ணாந்து பார்த்தேன்.