ஆங்கிலமும் ஒரு கொடுக்கல் வாங்கல்தான்

வெளிநாட்டுப் பள்ளியோடு இணைந்து ஆங்கிலம் கற்பிப்பதாகச் சொல்லும் விளம்பரங்களைத் திருவனந்தபுரத்தில் அடிக்கடி பார்க்கிறேன். எல்லாம் கட்டணம் கூடுதலான பள்ளிகள். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் தமிழ்வழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் அது ஏன் கிடைக்கக் கூடாது?

ஆங்கிலம் இந்த ஊருக்கு நேற்று வந்ததல்ல. இளவரசர் சுவாதித் திருநாளுக்கு அதைக் கற்பித்தவர் தஞ்சாவூர் சுப்பாராவ். 'இங்கிலீஷ் சுப்பாராவ்' என்றே அவருக்குப் பெயர், பின்னர் திவானாகவும் இருந்தார். 1834-ல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி 1866-ல் கல்லூரியாகி, இன்று யுனிவர்சிட்டி காலேஜ் என்று நிற்கிறது. அங்கே தத்துவம் கற்பித்த சுந்தரம் பிள்ளை, ஹார்வி என்ற வெள்ளைக்காரப் பேராசிரியர் மேல் இருந்த மதிப்பால் பேரூர்க்கடையில் தம் இல்லத்துக்கு அவர் பெயரையே வைத்தார். 1891-ல் மனோன்மணீயம் தந்தவரும் அவரே. ஆங்கிலம் படித்ததால் அவருக்குத் தமிழ் குறைந்துவிடவில்லை.

பள்ளி இணைப்பு என்றால் என்ன? பிரிட்டிஷ் கவுன்சில் தந்த பன்னாட்டுப் பள்ளி விருதுக்கு, ஓராண்டில் ஏழு செயல்பாடுகளாவது செய்து காட்ட வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் 2005 முதல் இ-ட்வின்னிங் என்ற திட்டம் நாடு விட்டு நாடு பள்ளிகளை இணைத்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று இதில் உண்டு: எதிரில் இருப்பவர் கேட்கும் கேள்விக்கு அந்த நொடியிலேயே பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் நம்மூரில் கோட்டை விடுகிறார்கள். உறவினர் பிள்ளைக்காக ஒரு பள்ளியின் அத்தகைய நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். திரையில் இருந்த வெளிநாட்டுச் சிறுமி, "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. டீச்சர்தான் பதில் சொன்னார்! இட்லி என்று சொல்ல ஆங்கிலமே வேண்டாமே.

நான் சொல்வது வேறு வகை. அந்தப் பக்கமும் நம் தமிழ்ப் பிள்ளைகளே இருக்கட்டும். சிங்கப்பூரில் பள்ளிப் பாடங்கள் ஆங்கிலத்தில். தமிழ் அங்கே தாய்மொழிப் பாடம். லண்டனிலும் டொரண்டோவிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. அவர்களுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு, தமிழ் பேசத்தான் தயக்கம். நம் பிள்ளைகளுக்கு நேர்மாறு. அரை மணி நேரம் ஆங்கிலம், அரை மணி நேரம் தமிழ். ஒருவர் மொழியை மற்றவர் கற்கும் இந்த முறைக்கு ஐரோப்பாவில் டாண்டெம் என்று பெயர். 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரெஞ்சு, ஜெர்மன் இளைஞர்களிடையே இது பரவியது. இரு பக்கமும் ஆசிரியர், இரு பக்கமும் மாணவர் என்பதால் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

ரயில்வேக்காரன் என்பதால் நேரக்கணக்கும் பார்த்தேன். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே. இங்கே பதினொன்றரை என்றால் அங்கே பிற்பகல் இரண்டு. லண்டனில் குளிர்காலச் சனிக்கிழமை காலை பத்து, நமக்கு மூன்றரை. டொரண்டோ காலை ஒன்பது என்றால் நமக்கு மாலை ஏழரை, கோடையில் ஆறரை.

சாதனம் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. கேரள அரசின் கைட் நிறுவனம் 2018-ல் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் ப்ரொஜெக்டரும் கொடுத்தது. வேண்டியது, அங்கே ஒரு பொறுப்பாளர், இங்கே ஓர் ஆசிரியர், பெற்றோரின் சம்மதம். பிள்ளைகளைத் தனித்தனியே பேச விடாமல் ஆசிரியர் எதிரிலேயே பேச வைக்க வேண்டும். அதில் நான் கண்டிப்பு.

ஆங்கிலம் வராது என்ற பயத்தில்தான் நம்மில் பலர் தமிழ்வழிப் பள்ளியை விட்டுப் பிள்ளையை மாற்றுகிறோம். அந்தப் பயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். அதைத் தமிழ்ப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவர முடிந்தால் மாற்ற வேண்டிய அவசியமே இராது. நம் சங்கத்தில் மகனோ மகளோ வெளிநாட்டில் இல்லாத வீடு குறைவு. அவர்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியின் பெயரையும் பொறுப்பாளர் பெயரையும் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். பத்துப் பிள்ளைகளோடு தொடங்கலாம். சனிக்கிழமை மூன்றரை மணிக்கு நம் சங்க அறை காலியாகத்தான் இருக்கிறது.